அக்குரோணி: ஓர் எண்ணும் அதன் இயல்பும்

பாரதப் போரிற் பொருது மடிந்த படை பதினெட்டு அக்குரோணி என்பது கூத்துக் களரியிலும் கதைப் பந்தலிலும் கேட்டுத் தமிழ் மக்கள் பலரும் அறிந்த செய்தியாகும். ஓர் அக்குரோணிக்குத் தேர் 21,870, யானை 21,870, குதிரை 65,610, காலாள் 1,09,350 என்னும் தொகையும் அகராதிகளில் இடம் பெற்றதே. இத்தொகைகளைப் பற்றிய கூற்று ஒன்று அண்மைக் காலத்தில் மேடைகளிலும் கட்டுரைகளிலும் பரவி வருகிறது. ஒவ்வொரு தொகையிலும் உள்ள இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கச் சொல்கின்றனர். 21,870 என்பதில் 2, 1, 8, 7 ஆகியவற்றைக் கூட்டினால் 18. 65,610 என்பதிலும் 18. 1,09,350 என்பதிலும் 18. நான்கையும் ஒருங்கு சேர்த்த 2,18,700 என்பதிலும் அதுவே. நூலின் பருவம் பதினெட்டு, போர் நிகழ்ந்த நாள் பதினெட்டு, கீதையின் இயல் பதினெட்டு. ஆகவே வியாசர் அப்பதினெட்டைப் படைத்தொகையின் இலக்கங்களுக்குள்ளும் மறைத்து வைத்தார் என்பது அவர்கள் துணிபு.

கேட்போர் வியந்து தலையசைக்கின்றனர். மாணாக்கர் தம் விடைத்தாளிலும் இதனை எழுதத் தொடங்கிவிட்டனர். நூலாசிரியன் கருத்து இதுவென நிறுவுதற்குச் சான்றாக ஓர் எண் காட்டப்படும்போது, அச்சான்றின் தகுதியை ஆராய்தல் திறனாய்வாளன் கடமை. செய்யுளின் சொல்லை எவ்வளவு நுணுகி நோக்குகின்றோமோ அவ்வளவு நுணுக்கம் செய்யுளில் வரும் எண்ணுக்கும் உரியது. ஆனால் எண் வந்தவுடன் நம் புலவர்களுள் ஒருசாரார் கண்ணை மூடிக் கைகூப்பி விடுகின்றனர். மற்றொரு சாரார் புராணக் கணக்கு என்று தள்ளிவிடுகின்றனர். இவ்விரண்டும் நூலைப் படியாமைக்கே வழி செய்வன என்பது எம் கருத்து.

முதற்கண் இவ்வெண் எங்கிருந்து வருகிறது என்று காண்போம். ஆதிபருவத்து இரண்டாம் அத்தியாயம் பருவங்களின் தொகையைக் கூறுவது. சமந்த பஞ்சகம் என்னும் இடத்தில் பதினெட்டு அக்குரோணி பொருதன என்று சூதர் கூறக் கேட்ட முனிவர்கள், அக்குரோணி என்பது யாது, அதன்கண் தேரும் யானையும் குதிரையும் ஆளும் எத்துணை என்று வினவுகின்றனர். அதற்கு விடையாகவே கணக்கு வருகிறது. ஒரு தேர், ஒரு யானை, மூன்று குதிரை, ஐந்து காலாள் கூடியது பத்தி. பத்தி மூன்று சேனாமுகம். அது மூன்று கொண்டது குல்மம். இவ்வாறே கணம், வாகினி, பிருதனை, சமூ, அனீகினி என ஒவ்வொன்றும் தனக்குக் கீழுள்ளதன் மும்மடங்காய் ஏறிச் செல்லும். அனீகினி பத்துக் கூடியது அக்குரோணி. பின்னர், கணக்கின் உண்மை அறிந்தோர் கூறுவது என்ற குறிப்போடு நால்வகைப் படைக்கும் தனித்தனித் தொகை தரப்படுகிறது.

ஈண்டு ஒன்றனை உற்று நோக்குதல் வேண்டும். முனிவர்கள் கேட்டது சொல்லின் பொருள். சூதர் தந்தது இலக்கணம். நம் நிகண்டுகள் பல்பொருட் கூட்டத்துக்கு ஒரு பெயர் கூறும் பகுதியை ஒத்தது இது. களத்தில் நின்று தலை எண்ணியவன் தந்த தொகையன்று. ஓர் அளவுப் பெயரை வரையறுத்து அடுக்கிய தொகை. நூலில் என்னென்ன உள என்று எண்ணிச் சொல்லும் அத்தியாயம், நூல் பெரும்பாலும் உருப்பெற்ற பின்னரே எழுந்திருத்தல் இயலும் என்பதும் எண்ணத்தக்கது.

இனி எண்ணின் இயல்பைப் பார்ப்போம். பத்தியிலிருந்து அனீகினி வரை மும்மடங்காக ஏறும் படிகள் ஏழு. ஆகவே அனீகினியில் உள்ள பத்திகள் மூன்றை ஏழு முறை தன்னுள் பெருக்கிய தொகை, அதாவது 2,187. அதனைப் பத்தாற் பெருக்க 21,870. தேரும் யானையும் பத்திக்கு ஒவ்வொன்று ஆதலின் இத்தொகையே அவற்றுக்கும் ஆகும். குதிரை பத்திக்கு மூன்று. எனவே மூன்று இன்னும் ஒருமுறை சேர்ந்து எட்டாம் அடுக்காகிய 6,561 தோன்றி, பத்தாற் பெருகி 65,610 ஆயிற்று. காலாள் ஐந்து மடங்கு. நான்கும் கூடியவழிப் பத்திக்கு உறுப்புப் பத்து ஆதலின் மொத்தம் 2,187-ஐ நூறாற் பெருக்கிய 2,18,700. இவ்வெண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் இரண்டு, மூன்று, ஐந்து என்னும் மூன்றன்றி வேறொன்றும் அதில் இல்லை. இரண்டும் ஐந்தும் இருமுறை வர, மூன்று மட்டும் ஏழுமுறை வருகிறது. இவ்வளவு பெரிய எண் இவ்வளவு சிறிய காரணிகளாலேயே முடிந்திருத்தல் தற்செயலன்று. அடுக்கிக் கட்டிய எண் என்பதற்கு அதுவே அடையாளம். செங்கல்லால் எழுப்பிய சுவரில் செங்கல்லின் அளவு தெரிவது போல, மூன்றால் எழுப்பிய எண்ணில் மூன்று தெரிகிறது.

இலக்கக் கூட்டு பதினெட்டாக வருதற்குக் காரணமும் இங்கேயே உள்ளது. பத்து என்பது ஒன்பதும் ஒன்றும், நூறு என்பது தொண்ணூற்றொன்பதும் ஒன்றும், ஆயிரமும் அவ்வாறே. ஆதலின் எந்த எண்ணிலிருந்தும் அதன் இலக்கங்களின் கூட்டைக் கழித்தால் எஞ்சுவது ஒன்பதால் வகுபடும். எண்ணே ஒன்பதால் வகுபடுவதாயின் அதன் இலக்கக் கூட்டும் வகுபட்டே தீரும். பழைய கணக்காயர் பெருக்கலைச் சரிபார்க்க ஒன்பது ஒன்பதாகத் தள்ளி மிச்சம் கண்டது இவ்வியல்பு பற்றியே. அக்குரோணியின் தொகைகளிலோ மூன்று ஏழுமுறையும் எட்டுமுறையும் பெருகியிருக்கின்றது. ஆகவே அவற்றின் இலக்கக் கூட்டு ஒன்பது, பதினெட்டு, இருபத்தேழு, முப்பத்தாறு என்பவற்றுள் ஒன்றாதல் கட்டாயம். இக்கட்டாயத்தை ஆசிரியனது உள்ளக்கிடக்கையாகக் கொள்ளுதல் ஆகாது.

அவற்றுள் பதினெட்டே ஏன் வரவேண்டும் என்று வினவலாம். அதற்கும் விடை உண்டு. 1 முதல் 9,999 வரை ஒன்பதால் வகுபடும் எண்கள் 1,111. அவற்றுள் இலக்கக் கூட்டு 9 ஆவன 220. 27 ஆவன 220. 36 ஆவது 9,999 ஒன்றே. எஞ்சிய 670 எண்களுக்கும் கூட்டு 18 ஆகும். 2,187-உம் 6,561-உம் இவ்வெல்லைக்கு உட்பட்டனவே. பின்னே வந்த சுன்னம் கூட்டுத்தொகையை மாற்றுவதன்று. ஐந்தில் மூன்று பங்கு எண்களுக்கு இயல்பாகவே உள்ள ஒரு தன்மையை அரும்பெறல் மறைபொருள் என்று கொண்டாடுதல் பொருந்துமா?

இக்கூற்றைத் தொடங்கியோர் இன்னும் ஒரு படி மேலே சென்று பார்த்திருப்பின் தாமே நின்றிருப்பர். பாண்டவர் படை ஏழு அக்குரோணி. அதன் மொத்தம் 15,30,900. இலக்கக் கூட்டு 18. கௌரவர் படை பதினொன்று, மொத்தம் 24,05,700, கூட்டு 18. இதுவரை அவர்க்கு மகிழ்ச்சிதான். இரு படையும் களத்தில் ஒன்றுகூடிப் பதினெட்டு அக்குரோணியாகும்போது மொத்தம் 39,36,600. இதன் இலக்கங்களைக் கூட்டினால் 27 வருகிறது. பதினெட்டு நிறைவெய்தும் அவ்விடத்திலேயே பதினெட்டு மறைந்து போகிறது. மறைபொருள் ஒன்று இருந்ததாயின் அஃது எங்கே தோன்றவேண்டுமோ அங்கே தோன்றவில்லை. படை பதினெட்டு நாளில் அழிந்தமையால் பதினெட்டும் உடன் அழிந்தது என்று இதற்கும் ஒரு விளக்கம் நாளை எழக்கூடும். அத்தகைய விளக்கத்துக்கு மறுப்புக் கூறுதல் யார்க்கும் இயலாது.

மற்றொரு தடையும் உண்டு. இலக்கங்களைக் கூட்டுதல் என்பது எண்ணை இடமதிப்பு முறையில் எழுதிய பின்னரே நிகழக்கூடிய செயல். ஆதிபருவத்தில் இத்தொகைகள் எழுத்திலக்கமாக வரவில்லை. இருபத்தோராயிரம், அதன்மேல் எண்ணூறு, பின்னும் எழுபது என்று சொல்லடுக்காகவே வருகின்றன. நம் பழைய தமிழ் இலக்கத்தில் இதனை எழுதினால் ௨௰௧௲௮௱௭௰ என அமையும். பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக்குறிகள் இடையிடையே வரும். அவ்வேட்டைப் படிப்பவன் குறிகளைக் கூட்டிப் பதினெட்டு என்று சொல்லத் தலைப்படான். கூட்டல் விளையாட்டு இக்கால அச்சிலக்கம் தந்த வாய்ப்பு. அன்றியும், பத்தை அடியாகக் கொண்டு எண்ணுவதாலேயே ஒன்பதுக்கு இவ்வியல்பு வாய்த்தது. எட்டை அடியாகக் கொண்டு எண்ணியிருப்போமாயின் அது ஏழுக்கு வாய்த்திருக்கும். மூன்று ஏழுமுறை பெருகியது என்பது எம்முறையில் எழுதினும் மாறாத இயல்பு. இலக்கக் கூட்டு பதினெட்டு என்பதோ எழுதும் முறையொடு வந்து அதனொடு போவது. இவ்விரண்டனையும் வேறுபிரித்து அறியாமையே இக்குழப்பத்தின் வேர்.

‘ஜய’ என்னும் பெயரைக் கடபயாதி முறையிற் கணக்கிட்டுப் பதினெட்டு என்று காட்டுவதும் இதனோடு ஒருங்கு வைத்து நோக்கற்பாலது. அம்முறையில் ஜகரத்துக்கு எட்டு, யகரத்துக்கு ஒன்று. வலமிருந்து இடமாகப் படிக்கப் பதினெட்டு ஆகும். கணக்கு சரியே. ஆயினும் அம்முறை தெளிவுற வழங்கக் காண்பது கி.பி. ஏழாம் நூற்றாண்டில் எழுந்த வானநூல்களிலேயாம். ஒரு காலத்துக் குறியீட்டை அதற்கு முற்பட்ட காலத்துப் பெயரின்மேல் ஏற்றுதல் ஆராய்ச்சி நெறியன்று.

இவ்வாறு கூறுவதால் பாரதத்தில் பதினெட்டுக்கே இடமில்லை என்று யாம் கொள்வதாக எவரும் கருதவேண்டா. நூலின் மேற்புறத்தே வெளிப்படையாகக் கூறப்படும் பதினெட்டுக்கள் உள்ளன. பதினெட்டு அக்குரோணி, பதினெட்டு நாள், பதினெட்டுப் பருவம் என்று நூலே எண்ணிச் சொல்கிறது. ஏழும் பதினொன்றுமாகப் படையைப் பிரித்ததும் ஒரு கருத்தோடு செய்ததாகலாம். அறத்தின் பக்கம் நின்றவர் தொகையிற் குறைந்தவர் என்பது கேட்போர் மனத்தில் முன்கூட்டியே பதிந்துவிடுகிறது. இவை சொல்லிய எண்கள். இலக்கக் கூட்டு சொல்லாத எண். சொல்லியதை விட்டுச் சொல்லாததைத் தேடி அலைவது நம் காலத்துப் பழக்கமாகிவிட்டது. சொல்லிய எண்ணும் எல்லா வழக்கிலும் ஒரே நிலையில் நின்றதில்லை. தென்னாட்டு ஏடுகள் பாரதத்தை இருபத்துநான்கு பருவமாகப் பகுத்துள்ளன. தமிழில் வில்லிபுத்தூரார் பாரதம் பத்துப் பருவமே உடையது. பதினெட்டை நிறைத்தவர் பின்வந்த நல்லாப்பிள்ளை.

அக்குரோணியின் வரையறையும் நூல் முழுதும் ஒன்றாயில்லை. இதனை எண்விளையாட்டில் ஈடுபட்டோர் எவரும் எடுத்துக்காட்டக் கண்டிலேம். உத்தியோக பருவத்தில் துரியோதனன் தன் படையை வகுக்குமிடத்து வேறொரு கணக்கு வருகிறது. அங்கே ஒரு தேருக்கு யானை பத்து, ஒரு யானைக்குக் குதிரை பத்து, ஒரு குதிரைக்கு ஆள் பத்து. அடுத்து, சிதைந்த அணியை நிரப்புதற்கென வைத்த படைக்கு ஒரு தேருக்கு யானை ஐம்பது, யானைக்குக் குதிரை நூறு, குதிரைக்கு ஆள் ஏழு என்று மற்றோர் அளவு. பின்னர் ஐந்நூறு யானையும் ஐந்நூறு தேரும் கூடியது சேனை, அது பத்துக் கொண்டது பிருதனை, அது பத்துக் கொண்டது வாகினி என்கிறது. ஆதிபருவத்தின்படி வாகினியில் தேர் 81, இங்கோ 50,000. அங்கே வாகினி மூன்று சேர்ந்தால் பிருதனை. இங்கே பிருதனை பத்துச் சேர்ந்தால் வாகினி. பெயர்களின் வரிசையே தலைகீழாயிற்று. இவற்றையெல்லாம் கூறிவிட்டு, சேனை, வாகினி, பிருதனை, சமூ, அக்குரோணி முதலியன ஒருபொருட் சொற்களாகவும் வழங்கும் என்று அவ்விடமே உடன்படுகிறது. எம் நோக்கில் இவ்வொப்புதல் மிகவும் இன்றியமையாதது. படை என்னும் பொதுப்பொருளில் வழங்கிய சொற்கள் முன்னே இருந்தன. அவற்றை ஏணிப்படி போல அடுக்கி மூன்றால் இணைத்தவர் பின்வந்த வரையறையாளர். அடுக்கு அழகியதே. அழகு வந்தது காலத்தாற் பிந்தியிருக்கலாம்.

ஏணியை மேலும் நீட்டியவர்களும் உண்டு. கம்பர் கூறும் வானரப் படை எழுபது வெள்ளம். வெள்ளம் எத்துணை என்பதற்கு நம்மிடையே வழங்கும் கணக்கு ஒன்று, அக்குரோணிக்கு மேல் ஏகம், கோடி, சங்கம், விந்தம், குமுதம், பதுமம், நாடு, சமுத்திரம், வெள்ளம் என ஒன்பது படியை எட்டெட்டு மடங்காக அடுக்குகிறது. அதன்படி ஒரு வெள்ளத்துக்கு 13,42,17,728 அக்குரோணி. உறுப்புக்களின் தொகை 29 இலட்சம் கோடிக்கும் மிகும். கோடி என்னும் சொல் இவ்வடுக்கில் நூறு இலட்சத்தைக் குறியாமல் எட்டு ஏகத்தைக் குறித்து நிற்றல் காண்க. கம்பர் இவ்வளவையும் நெஞ்சிற் பெருக்கிப் பார்த்துப் பாடினார் என்று யாரும் நம்பவேண்டுவதில்லை. கடலையும் நீர்ப்பெருக்கையும் நினைப்பூட்டும் ஒரு சொல் அவர்க்கு வேண்டியிருந்தது. அஃது எண்ணாகவும் இருந்தது.

இனி, இக்கட்டுரையின் தலையாய பகுதிக்கு வருவோம். பாரதத்தில் இறந்தோர் தொகை ஒன்று தனியே கூறப்படுகிறது. ஸ்திரீ பருவத்து இருபத்தாறாம் அத்தியாயத்தில் திருதராட்டிரன் தருமனை நோக்கி, உயிரோடுள்ள படையின் அளவை நீ அறிவாய், மாண்டோர் அளவையும் அறிவாயாயின் சொல் என்று கேட்கிறான். தருமன் கூறும் விடை 1,66,00,20,000. நூற்றறுபத்தாறு கோடியும் இருபதினாயிரமும் ஆகும். அடுத்து, காணப்படாத வீரர் பதினாலாயிரம், மேலும் பதினாயிரம், நூற்றறுபத்தைந்து என்கிறான், அதாவது 24,165.

பதினெட்டு அக்குரோணியின் மொத்தம் 39,36,600 எனக் கண்டோம். அதிலும் யானை, குதிரை, தேர் எல்லாம் அடக்கம், காலாள் பாதியே. தருமன் சொல்லும் தொகை அதனினும் நானூற்றிருபது மடங்குக்கு மேற்பட்டது. இம்முரணை நீக்க முயல்வோர் தேருக்குப் பாகன், யானைக்குப் பாகன், சுமை தூக்குவோர், பணியாளர் என்று ஆள் சேர்ப்பர். எண்ணின் இயல்பு அதற்கு இடந்தரவில்லை. தேர் ஒன்றுக்கும் யானை ஒன்றுக்கும் எத்தனை முழு ஆளைச் சேர்ப்பினும், முழு அக்குரோணிகளின் மொத்தம் மூன்றின் ஏழாம் அடுக்கால் வகுபட வேண்டும். தருமன் கூறிய எண்ணின் இலக்கக் கூட்டு 15. ஆகவே அது மூன்றால் ஒருமுறை வகுபடும், ஒன்பதால் வகுபடாது. அதனைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 73, 379 என்னும் இரண்டு புதியவர் வந்து நிற்கின்றனர். மூன்றால் எழுப்பிய சுவரில் இக்கற்களுக்கு இடமில்லை. காணப்படாதோரையும் சேர்த்தே பார்ப்போம் எனின், மொத்தம் 1,66,00,44,165. இலக்கக் கூட்டு 33. அதுவும் ஒன்பதால் வகுபடாது. போரில் எஞ்சியவராக எண்ணப்படும் எழுவரையும் மூவரையும் கூட்டினால் மூன்றாலும் வகுபடாமற் போகிறது.

உத்தியோக பருவத்துக் கணக்கைக் கொண்டு தேற்றலாமோ எனின், அதுவும் உதவவில்லை. அக்குரோணிக்கு 21,870 தேர் என்று வைத்துப் பத்துப் பத்தாகப் பெருக்கினால் பதினெட்டு அக்குரோணிக்கும் ஆள் 39,36,60,000. தருமன் தொகையில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றோர் அளவைக் கொண்டு பெருக்கினால் 13,77,81,00,000. எட்டு மடங்குக்கும் மிகுதி. ஒன்று எட்டவில்லை, ஒன்று கடந்து ஓடுகிறது. இரண்டு எண்ணும் ஒரு வாயிலிருந்து வந்தனவல்ல, ஒரு நோக்கத்துக்காகச் சொல்லப்பட்டனவும் அல்ல என்று கொள்வதே நேர்மை.

இவ்விடத்தில் ஒன்று சொல்லாமல் விடுதல் முறையன்று. காணப்படாதோர் தொகையாகிய 24,165-இன் இலக்கங்களைக் கூட்டினால் பதினெட்டு வருகிறது! இதனை இலக்கக் கூட்டில் ஈடுபட்டோர் கண்டிலர் போலும். கண்டிருப்பின் தம் பட்டியலில் முதலில் வைத்திருப்பர். ஆயின் இவ்வெண் மூன்று மும்முறையும், ஐந்து ஒருமுறையும், 179 என்னும் பகா எண் ஒருமுறையும் பெருகியது. அக்குரோணியின் அடுக்கோடு இதற்கு உறவில்லை. கட்டிய எண்ணிலும் பதினெட்டு வருகிறது, கட்டாத எண்ணிலும் வருகிறது எனின், பதினெட்டு வருதல் எதற்கும் சான்றாகாது.

எண்ணின் உட்கூற்றில் மறைபொருள் தேடியோர் கைவிட்ட பொருள் யாது என்று இப்போது கேட்கலாம். தருமன் விடையின் வடிவத்தை நோக்குவோம். மாண்டோரைச் சொல்லும்போது அவன் கோடிகளாகவும் பதினாயிரங்களாகவும் சொல்கிறான். இருபதினாயிரத்துக்குக் கீழே ஓர் எண்ணும் இல்லை. காணப்படாதோரைச் சொல்லும்போது மட்டும் ஐந்து வரை இறங்குகிறான். பதினாலாயிரம் என்று தொடங்கி, மேலும் பதினாயிரம் என்று நினைவுகூர்வது போலச் சேர்த்து, பின் நூற்றறுபத்தைந்தில் வந்து நிற்கிறான். இறந்தவர் பெருந்தொகையாகி ஆள் ஆளாக எண்ணும் எல்லையைக் கடந்துவிட்டனர். உடல் கிடைக்காதவரோ ஒவ்வொருவராகத் தேடப்பட்டவர். அதனால் ஒவ்வொருவராக எண்ணப்பட்டவர். கோடியில் இருபதினாயிரம் பிசகினும் கேட்பார் இல்லாத கணக்கும், ஓர் ஆள் பிசகக்கூடாத கணக்கும் ஒரே விடையில் அடுத்தடுத்து நிற்கின்றன. இலக்கங்களைக் கூட்டுவோன் இரண்டையும் ஒரே தட்டில் இட்டு நிறுத்துகிறான். அவனுக்கு அவற்றின் வேறுபாடு தெரிய வழியில்லை.

கேட்பவன் யார் என்பதையும் மறத்தலாகாது. களம் முழுதும் உடல் கிடக்க, காந்தாரி ஒவ்வொரு முகமாகக் கண்டு புலம்பிய பின்னர், கண்ணில்லாத அரசன் கேட்கும் வினா இது. மற்றவர் கண்டதை அவன் எண்ணாகத்தான் பெறமுடியும். அவன் அடுத்துக் கேட்பது, அவர்கள் எவ்வுலகு எய்தினர் என்பது. மகிழ்ந்து உயிர் கொடுத்தோர், இறக்கவேண்டியதே என்று மனமின்றி மாண்டோர், உயிர்ப்பிச்சை கேட்டு முதுகிட்டு வீழ்ந்தோர் என்று தருமன் அக்கோடிகளை வேறுபிரித்துச் சொல்லத் தொடங்குகிறான். இதனை நீ எவ்வாறு அறிந்தாய் என்று முதியவன் கேட்க, காட்டில் இருந்த நாளில் உலோமச முனிவர்பால் பெற்ற அறிவு என்கிறான். இத்தொகை கணக்காயர் தந்ததன்று என்பதை நூலே இவ்வாறு வெளிப்படுத்துகிறது. அக்குரோணிக் கணக்கை ஆதிபருவம் கணக்கின் உண்மை அறிந்தோர்மேல் ஏற்றிற்று. மாண்டோர் கணக்கை ஸ்திரீ பருவம் முனிவன் தந்த காட்சியின்மேல் ஏற்றுகிறது. இரண்டற்கும் தோற்றுவாய் வேறென்று நூலே கூறும்போது, அவற்றை ஒன்றாக்க முயல்வது உரையாசிரியர் வேலையும் அன்று, திறனாய்வாளர் வேலையும் அன்று.

தமிழ் மாணாக்கர் பெரும்பாலோர் இவ்விடத்துக்கு வந்து சேராமைக்கு ஒரு காரணம் உண்டு. வில்லிபுத்தூரார் பாரதம் சௌப்திக பருவத்தோடு நின்றுவிடுகிறது; ஸ்திரீ பருவம் அதன்கண் இல்லை. ஆகவே வில்லியின் வழியே பாரதம் அறிந்தவர்க்கு அக்குரோணி திரள்வது தெரியும். திரண்டவர் என்ன ஆனார் என்று ஒருவன் கேட்டு ஒருவன் சொல்லும் அத்தியாயம் தெரியாது. நல்லாப்பிள்ளை பாரதத்தையோ, மணலூர் இராமானுசாசாரியார் முயற்சியால் வெளிவந்த கும்பகோணம் பதிப்பின் உரைநடை மொழிபெயர்ப்பையோ நாடுதல் வேண்டும். அங்கே அடுத்து வருவது ஈமக்கடன். உற்றார் இல்லாதவர்க்கு எரியிடுவார் யார் என்று திருதராட்டிரன் கேட்கிறான். தருமன் விதுரனையும் சஞ்சயனையும் தௌமியரையும் பிறரையும் ஏவுகிறான். சந்தனமும் அகிலும் நெய்யும் கொணர்ந்து, தேர் உடைந்த மரத்தையும் சேர்த்து, அரசர்க்குத் தனித்தனி ஈமம் அடுக்குகின்றனர். பல நாட்டிலிருந்தும் வந்து ஆதரவற்றுக் கிடந்தவர்களை ஒருங்கு கொணர்ந்து, ஆயிரம் ஆயிரமாகக் குவித்து, விதுரன் எரியூட்டுகிறான்.